உங்கள் குறைந்தபட்சக் கூலி அட்டவணையின் எந்த வரியில் இருக்கிறது? அரசாணையில் தேடுவது முதல் நிலுவையை வாங்குவது வரை

என் பெரியம்மா கொஞ்ச காலம் ஒரு கான்ட்ராக்டர் மூலமாகத் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சம்பளம் கையில்தான் வரும். கையெழுத்து வாங்குகிற தாளில் தொகை எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் "மினிமம் கூலி எவ்வளவுங்க?" என்று கேட்டிருக்கிறார். "நாங்க குடுக்குறதுதாம்மா மினிமம்" என்று பதில் வந்ததாம். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் திருப்பிச் சொல்ல என்னிடம் ஒரு எண் இருந்திருக்காது. அந்த எண்ணைத் தேடப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "தமிழ்நாட்டில் மினிமம் வேஜஸ் எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. தொழிலுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, வேலையின் தரத்துக்கு ஒன்று, போதாததற்கு விலைவாசியை ஒட்டி ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறுகிற பஞ்சப்படி (டி.ஏ.) என்று அது ஒரு பெரிய அட்டவணை. அதில் நீங்கள் எந்த வரியில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. முதலாளிக்கு அந்த வரி தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஏமாற்றுவது அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

படி 1: உங்கள் கூலியை நிர்ணயிப்பது எந்த அரசு?

பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனாலேயே தப்பான அட்டவணையைப் பார்க்கிறார்கள். ரயில்வே, வங்கி, காப்பீடு, சுரங்கம், பெரிய துறைமுகங்கள், விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு, மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை செய்தால் மத்திய அரசு அறிவிக்கிற கூலி. மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது கடை, ஓட்டல், மில், தனியார் மருத்துவமனை, கட்டுமானம், பட்டறை எல்லாவற்றுக்கும், மாநில அரசு அறிவிக்கிற கூலி.

உங்களுக்குச் சம்பளம் தருகிற கான்ட்ராக்டர் யார் என்பது இங்கே முக்கியமில்லை, நீங்கள் வேலை செய்கிற இடம் யாருடையது என்பதுதான் முக்கியம். ஒரே கான்ட்ராக்டர் ஒருவரை ரயில் நிலையத்திலும் இன்னொருவரை வணிக வளாகத்திலும் கூட்டிப் பெருக்க வைத்திருந்தால், விளக்குமாறு ஒன்றுதான் என்றாலும் கூலி இரண்டு. மத்திய அரசின் பட்டியலில் ஊர்களை ஏ, பி, சி என்று பிரித்திருப்பார்கள்; 2024 அக்டோபர் 1 அன்று துப்புரவு வேலைக்கு ஏ பகுதியில் நாளொன்றுக்கு 783 ரூபாய், பி பகுதியில் 655, சி பகுதியில் 523 என்று இருந்தது. சென்னை ஏ பகுதி. இந்தத் தொகை ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் திருத்தப்படும். சென்னையில் ஒரு வங்கி வாசலில் நிற்கிற காவலாளிக்கும் துப்புரவு செய்பவருக்கும் இந்தப் பட்டியல்தான் பொருந்தும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

படி 2: தொழிலின் பெயர்

மாநிலப் பட்டியல் என்று முடிவானால், அடுத்து உங்கள் தொழிலுக்கான அரசாணையைத் தேட வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தியதல்ல. அந்தச் சட்டத்தோடு இணைத்த அட்டவணையில் பெயர் இருக்கிற தொழிலுக்கு மட்டும்தான். அதனால் ஒவ்வொரு மாநிலமும் தொழில் தொழிலாகச் சேர்த்துக்கொண்டே போனது. தமிழ்நாட்டில் கடைகள், ஓட்டல்கள், பீடி, தையல், பனியன், கட்டுமானம், செக்யூரிட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரசாணை, தனித்தனி தேதி. 2018இல் வீட்டுவேலைக்கும் மணிக்கணக்கில் கூலி நிர்ணயித்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் ஒரு வீட்டின் அடுப்படிக்குள் எந்த ஆய்வாளர் போய்ப் பதிவேட்டைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

2025 நவம்பர் 21 அன்று 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1948 சட்டம் விலகிக்கொண்டது. புதியதில் அட்டவணை என்ற கட்டுப்பாடு இல்லை, எல்லாத் தொழிலாளரும் உள்ளே வருகிறார்கள். பழைய சட்டத்தின்கீழ் போட்ட அரசாணைகள், புதியதற்கு முரண்படாத அளவில், தொடர்ந்து செல்லும். ஆகவே இன்றைக்கும் நீங்கள் தேட வேண்டியது அந்தப் பழைய தொழில்வாரி அரசாணையைத்தான். "சட்டமே போயிடுச்சு, இனி அந்த ரேட் எல்லாம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொழிலின் பெயரில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரே ஊரில், ஒரே மாதிரி பவர் மெஷினில் தைக்கிற இருவரில் ஒருவரைத் தையல் தொழில் என்றும் இன்னொருவரைப் பனியன் தொழில் என்றும் காட்டலாம். எந்தப் பட்டியலில் கூலி குறைவோ அந்தப் பெயர்தான் நிறுவனத்துக்குப் பிடிக்கும். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், உள்ளே உண்மையில் என்ன தயாராகிறது என்று பாருங்கள்.

அரசாணை எங்கே கிடைக்கும்? தொழிலாளர் துறையின் இணையதளத்தில் தொழில்வாரியாகப் போட்டிருப்பார்கள், தமிழ்நாடு அரசிதழிலும் வந்திருக்கும். இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, அடிப்படைக் கூலியை நிர்ணயித்த அரசாணை. இரண்டு, இந்த ஆண்டுக்கான பஞ்சப்படி எவ்வளவு என்று சொல்கிற தாள். முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு "அட, நமக்கு அதிகமாத்தான் தர்றாங்க" என்று திருப்திப்பட்டவர்கள் நிறையப் பேர்.

படி 3: ஊரும் தரமும்

பல அரசாணைகளில் மண்டலம் ஏ, பி, சி என்று இருக்கும். மாநகராட்சியும் பெரிய நகராட்சிகளும் ஏ, அடுத்த நிலை நகராட்சிகள் பி, மீதமெல்லாம் சி என்பது பொதுவான போக்கு, ஆனால் உங்கள் அரசாணையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற வரையறையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஊராட்சியாக இருந்தது நகராட்சியாகவோ, நகராட்சியாக இருந்தது மாநகராட்சியாகவோ ஆகியிருந்தால் மண்டலமும் மாறியிருக்கலாம். இதை யாரும் உங்களைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

தரம் என்பது திறனற்றது, அரைத்திறன், திறன் பெற்றது என்ற பிரிவு. சில அரசாணைகளில் நேரடியாகப் பதவிப் பெயரே இருக்கும்: கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங், அயர்ன், ஹெல்பர் என்று. மூன்று வருடமாக மெஷினில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணை ரெஜிஸ்டரில் ஹெல்பர் என்றே வைத்திருப்பது ரொம்ப சாதாரணம். நீங்கள் செய்கிற வேலைக்குத்தான் கூலி, அடையாள அட்டையில் அச்சடித்த பெயருக்கு இல்லை. ஒருவர் இரண்டு தர வேலையும் மாறி மாறிச் செய்தால், எதை எவ்வளவு நேரம் செய்தாரோ அதற்கு அந்த விகிதம். அப்புறம், கட்டுமானத்தில் சித்தாளும் பெரியாளும் ஒரே வேலையைச் செய்தால் பெண் என்பதற்காகக் குறைத்துத் தர முடியாது. இது 1976இலிருந்தே சட்டம். காலையில் ஆட்கள் கூடுகிற எந்த முக்கில் போய் நின்றாலும் இது மீறப்படுவதைப் பார்க்கலாம்.

படி 4: தேதி, அதாவது பஞ்சப்படி

தமிழ்நாட்டுக் கூலி இரண்டு துண்டாக இருக்கும், அடிப்படையும் பஞ்சப்படியும். அடிப்படைக் கூலி அடுத்த திருத்தம் வரை அப்படியே நிற்கும். ஐந்தாண்டுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பழைய சட்டமும் சொன்னது, புதியதும் சொல்கிறது, நடைமுறையில் இழுபட்டுக்கொண்டே போகும். பஞ்சப்படி அப்படியில்லை. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டின் முந்தைய ஆண்டுச் சராசரியை வைத்து ஒவ்வோர் ஏப்ரல் 1லும் மாறும்.

பெரும்பாலான அரசாணைகளில் பஞ்சப்படி எல்லாத் தரத்துக்கும் ஒரே தொகை. ஆகவே வருடங்கள் போகப் போக அடிப்படை சின்னதாகவும் பஞ்சப்படி பெரியதாகவும் ஆகி, ஹெல்பருக்கும் டெய்லருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் கரைந்துபோகும். "இத்தனை வருஷ அனுபவத்துக்கு முந்நூறு ரூபாய்தான் அதிகமா?" என்ற கோபத்துக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது

கணக்குக்குப் போகும் முன் ஒரு சின்னச் சுற்று. எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் நாம் வாய் திறக்கலாம் என்று தெரியும்.

குறைந்தபட்ச ஊதிய மசோதா 1946 ஏப்ரலில், அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மத்தியச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 1948இல் சட்டமானது. எவ்வளவு தர வேண்டும் என்று அதில் எந்தச் சூத்திரமும் இல்லை. சூத்திரம் 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் வந்தது. ஒரு தொழிலாளியின் குடும்பம் மூன்று நுகர்வு அலகுகள் (பெரியவர் ஒருவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, அரசு தொழிலாளர் வீட்டுத் திட்டத்தின்படி ஒரு வாடகை, எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமைக்கான சேமிப்பு ஆகியவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அந்த வழக்கு சென்னையிலிருந்த தொழிற்சாலையின் தொழிலாளர்கள் போட்டது.

ஊதியத் தொகுப்புக்காக 2020இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில் துணிக்கு 66 மீட்டர் என்று இருக்கும். அது வேறொன்றுமில்லை, அந்தப் பழைய 72 கஜத்தை மீட்டராக மாற்றியதுதான். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தக் குடும்பத்தில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்தான். வீட்டிலிருக்கிற அப்பா அம்மாவுக்கு அந்தக் கணக்கில் ஒரு பிடி சோறுகூட இல்லை.

தொகையை முடிவுசெய்ய அரசுக்கு இரண்டு வழிகள். ஒன்று, முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையிலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் பொதுவானவர்களும் உட்கார்ந்த குழுவை அமைத்துப் பரிந்துரை வாங்குவது. இரண்டு, உத்தேசக் கூலியை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தந்து கருத்துக் கேட்பது. இந்த இரண்டு மாதத்தில் முதலாளிகள் சங்கங்கள் கட்டுக்கட்டாக ஆட்சேபம் அனுப்பும், தொழிலாளர் பக்கத்திலிருந்து போவது குறைவாகவே இருக்கும். யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். வாடகை ரசீது, பால் விலை, பஸ் செலவு என்று உண்மையான கணக்கோடு இருபது பேர் அனுப்பினால் கோப்பில் அதுவும் ஏறும்.

அறிவிப்பு வந்த பிறகு நீதிமன்றப் படலம். தமிழ்நாட்டுத் தையல் தொழிலில் 2004க்குப் பிறகு 2014 டிசம்பரில்தான் கூலியை உயர்த்தினார்கள், 30 சதவீதம் வரை. நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2016 ஜூலையில் தீர்ப்பு தொழிலாளர் பக்கம் வந்து, 2014இலிருந்து நிலுவையோடு தர வேண்டும் என்றானது. நடுவில் வேலையை விட்டுப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போய் அந்த நிலுவையைக் கேட்டிருப்பார்கள்?

"எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்பதுதான் இந்த வழக்குகளில் எப்போதும் வருகிற வாதம். இது எடுபடாது. கேரளக் கூரை ஓட்டுத் தொழில் பற்றிய உன்னிச்சோயி வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம் முதலாளியின் கொடுக்கும் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்கிற கட்டாய வேலை என்றது.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் இருப்பதால், இதற்குக் கீழே யாரும் போகக்கூடாது என்று தேசிய அளவில் ஒரு தொகை 1996இல் 35 ரூபாயாகத் தொடங்கி 2017 ஜூனில் 176 ரூபாய் வரை வந்தது. அதற்குச் சட்டபலம் கிடையாது. 2019 தொகுப்பில்தான் அடித்தளக் கூலியை மத்திய அரசு நிர்ணயிக்கும், மாநிலங்கள் அதற்குக் கீழே நிர்ணயிக்க முடியாது, ஏற்கெனவே அதிகம் தருகிறவர்கள் குறைக்கவும் முடியாது என்று சட்டமாகவே எழுதினார்கள்.

பக்கத்தில் இலங்கையில் இதே விஷயம் வேறு விதமாக நடக்கிறது. அங்கே 1941ஆம் ஆண்டின் சட்டப்படி தொழில்வாரியாகச் சம்பள நிர்ணய சபைகள், அதற்கு மேல் 2016 முதல் நாடு முழுக்க ஒரே தேசியக் குறைந்தபட்சச் சம்பளம். மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாய் ஆனது இந்தச் சபை வழியாகத்தான், அதற்கு முன்பு பல ஆண்டுகள் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலேயே இழுபட்டது.

படி 5: கணக்குப் போடுவது

சரி, உங்கள் வரி கிடைத்துவிட்டது. கணக்குக்காக மட்டும் ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய். நாட்கூலி வேண்டுமென்றால் 26ஆல் வகுக்க வேண்டும், 30ஆல் அல்ல. 461 ரூபாய் 54 காசு வருகிறது. 30ஆல் வகுத்து 400 ரூபாய் என்று காட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பளம் இல்லை என்று சொன்னால் உங்கள் தலையில் இரண்டு முறை கை வைக்கிறார்கள்.

உங்களுக்கு நாளொன்றுக்கு 380 ரூபாய் தருகிறார்கள் என்றால், 26 நாளுக்கு 9,880. மாதம் 2,120 ரூபாய் குறைகிறது. இரண்டு வருடத்தில் 50,880. இந்த எண்ணைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

எதெல்லாம் கூலியில் சேரும் என்பதில்தான் சண்டை. மொத்தத் தொகை குறைந்தபட்சத்தை எட்டினால் போதும், அடிப்படை, பஞ்சப்படி என்று அதே தலைப்பில் தனித்தனியாகக் காட்டவேண்டியதில்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே சம்பளச் சீட்டில் "டி.ஏ." என்ற வரி இல்லை என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. ஆனால் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம், பயணப்படி, முதலாளி கட்டுகிற பி.எஃப். பங்கு, தங்க இடம் கொடுத்ததன் மதிப்பு இவற்றையெல்லாம் கூட்டி "பாருங்க, எட்டிடுச்சு" என்று காட்ட முடியாது. ரூம் தர்றோம், கரன்ட் தர்றோம் என்று மில் ஹாஸ்டல்களில் சொல்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செக்யூரிட்டி வேலைக்கு இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊரில் எந்த அடுக்குமாடி வாசலைப் பார்த்தாலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்று கொண்டால், மீதி நான்கு மணி நேரம் ஓ.டி. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. நான்கு மணி நேரத்துக்கு இரட்டை என்றால் எட்டு மணி நேரக் கூலி. ஆக, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற காவலாளிக்குச் சேரவேண்டியது சரியாக இரண்டு நாள் கூலி. மேலே சொன்ன கற்பனை எண்ணில் 923 ரூபாய் 8 காசு. அந்தத் தாத்தாவிடம் எவ்வளவு வாங்குகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் கான்ட்ராக்ட் தொகையைப் பேரம் பேசிக் குறைத்த நாமும் அதில் பங்காளிகள்தான்.

பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, என்றால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு முழு நாள் வேலை செய்தவருக்குப் பீஸ் கணக்கு குறைந்தபட்ச நாட்கூலிக்குக் கீழே போனால், குறைகிற தொகையை நிரப்பித் தர வேண்டும். நூல் வரவில்லை, ஆர்டர் இல்லை, கரன்ட் இல்லை என்று பாதி நாள் உட்கார வைத்தாலும், உங்களுக்கு வேலை செய்ய மனமில்லாமல் போனால் ஒழிய, முழு நாள் கூலி உண்டு. பீஸ் ரேட்டில் இருப்பவர்கள் தினமும் எத்தனை உருப்படி, எத்தனை மணி நேரம் என்று இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். உருப்படி எண்ணிக்கையை மட்டும் எழுதினால் பயனில்லை.

பிடித்தம்: யூனிஃபார்ம், முன்பணம், அபராதம் எல்லாம் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும், வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள்.

படி 6: ஆதாரம் சேர்ப்பது

புகார் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். கோபத்தில் முதலில் புகாரும் பிறகு ஆதாரமும் என்று போனால், மறுநாளே ரெஜிஸ்டர் மாறியிருக்கும்.

சட்டப்படி சம்பளச் சீட்டு தந்தே ஆக வேண்டும். தராவிட்டாலும் ஆதாரத்துக்கு வழி உண்டு. பி.எஃப். பாஸ்புக்கை மத்திய அரசின் உமாங் செயலியில் பாருங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம் என்பதால், பிடித்த தொகையை 12ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் நிறுவனம் உங்கள் சம்பளம் என்று அரசுக்குச் சொன்ன தொகை தெரிந்துவிடும். அதுபோல இ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம். இங்கே சில நேரம் ஒரு வேடிக்கை வெளிப்படும்: தாளில் குறைந்தபட்சக் கூலியைச் சரியாகக் காட்டியிருப்பார்கள், கையில் வருவது மட்டும் குறைவாக இருக்கும். அப்படியென்றால் அவர்களுக்கு விகிதம் தெரியும், தெரிந்தே செய்கிறார்கள். உங்கள் வழக்குக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளம் ஏறியதும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிற கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். அந்த நிலையில் வங்கிக் கணக்கு அறிக்கையை வாங்குங்கள். எந்த ஏ.டி.எம்.மில், எத்தனை மணிக்கு, ஒரே நாளில் எத்தனை பேர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று நாலு பேர் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மற்றபடி ஷிப்ட் போடுகிற வாட்ஸ்அப் குழுத் தகவல்கள், வருகைப் பதிவேட்டின் படம், கேட் பாஸ், அடையாள அட்டை, தினமும் எழுதிய டைரி. காலியான தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், கையெழுத்துக்குப் பக்கத்தில் வாங்கிய தொகையையும் தேதியையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

நீங்கள் வேலை செய்வது ஓர் அரசு அலுவலகத்திலோ அரசு மருத்துவமனையிலோ கான்ட்ராக்ட் ஊழியராக என்றால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், அந்த ஒப்பந்தத்தின் நகலையும், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று கான்ட்ராக்டருக்குக் கொடுக்கப்படுகிறது என்ற விவரத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு பலர் பேசாமல் உட்கார்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவு வித்தியாசம் இருக்கும்.

படி 7: எங்கே, எப்படிக் கேட்பது

இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று புகார். கடை, ஓட்டல், நிறுவனம் என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர் அல்லது உதவி ஆணையர் அமலாக்க அலுவலகம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மத்தியப் பட்டியல் என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100இல் சொல்லிப் பதிவு எண் வாங்கலாம். ஆய்வாளர் வந்து பார்ப்பார், ரெஜிஸ்டரைக் கேட்பார். புதிய தொகுப்பில் அவருக்கு "ஆய்வாளரும் வசதி செய்பவரும்" என்று இரட்டைப் பதவி. வழக்குப் போடும் முன் முதலாளிக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புத் தர வேண்டும், ஐந்தாண்டுக்குள் மறுபடி அதே தப்பைச் செய்தால்தான் அந்த வாய்ப்பு இல்லை. தண்டனை 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது.

அதனால் இரண்டாவது வழிதான் என் கணக்கில் முக்கியம்: உரிமை மனு. இதைக் கேட்டுத் தீர்க்க அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். குறைந்த தொகையை வாங்கித் தருவதோடு, அதற்குமேல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மேலே எழுதி வைக்கச் சொன்ன 50,880 ரூபாய் இங்கேதான் உதவும். பத்து மடங்கு என்றால் 5,08,800. முழுதாக விதிப்பார்கள் என்று கனவு காண வேண்டாம், ஆனால் அப்படி ஓர் அதிகாரம் இருக்கிறது என்பதே முதலாளியைப் பேச்சுக்கு வரவைக்கும்.

பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளலாம். புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு. உங்கள் நிலுவை 2025 நவம்பர் 21க்கு முன்னும் பின்னும் பரவியிருந்தால், கணக்கை அந்தத் தேதியில் இரண்டாகப் பிரித்து எழுதி, முன்பகுதிக்குத் தாமத மன்னிப்பும் சேர்த்துக் கேளுங்கள்.

மனுவில் இருக்க வேண்டியது: எந்த அரசாணை, அதன் தேதி, எந்த மண்டலம், எந்தத் தரம், வேலையில் சேர்ந்த நாள், மாதவாரியாகச் சேரவேண்டியது, வாங்கியது, வித்தியாசம். கான்ட்ராக்டரை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டுவிடாதீர்கள், வேலை நடக்கிற நிறுவனத்தையும் சேர்த்துப் போடுங்கள். கான்ட்ராக்டர் தராவிட்டால் முதன்மை நிறுவனம்தான் தர வேண்டும். கான்ட்ராக்டர் ஓர் இரவில் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், கட்டடம் எங்கும் போகாது.

எத்தனை தொழிலாளிகள் வேண்டுமானாலும் ஒரே மனுவில் சேரலாம், நீங்கள் உறுப்பினராக இருக்கிற பதிவு பெற்ற சங்கமும் போடலாம். தனி ஆளாகப் போவதைவிட ஐந்து பேராகப் போவது எப்போதும் நல்லது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

புதிய தொகுப்பில் எனக்கு மனதாரப் பிடித்த ஒரு விஷயம், குறைவாகக் கொடுத்தார் என்று நீங்கள் மனுப் போட்டால், முழுதாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு முதலாளியின் மேல்தான். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் இருக்கிறது. முடியுமா என்பது உங்கள் மாவட்டத்தில் கிடக்கிற கோப்புகளைப் பொறுத்தது. உத்தரவு வந்தும் தராவிட்டால் மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரி நிலுவை போல வசூலிக்கலாம்.

நடுவில் வருகிறவை

மனுப் போட்ட வாரத்தில் ஒரு போன் வரும். "ஏம்மா, நம்மகிட்ட சொல்லியிருக்கலாமே" என்று ஆரம்பித்து, ஒரு தொகையைச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். சமரசம் தப்பில்லை, பல நேரம் அதுதான் நல்லது. ஆனால் அதிகாரி முன்னால், தொகையை எழுதி, வங்கி வழியாக வாங்குங்கள். "எனக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டாம், இந்தச் சம்பளத்துக்கே சம்மதம்" என்று வேலையில் சேரும்போது எழுதிக் கொடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம், அப்படி ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று 1948 சட்டத்திலேயே தனிப் பிரிவு இருந்தது.

வேலையை விட்டு நிறுத்துவார்களா? நிறுத்தலாம், பலர் நிறுத்துகிறார்கள். இதை மறைத்துவிட்டு வழிகாட்டி எழுதுவது நியாயமில்லை. அதனால்தான் வேறு வேலைக்கு மாறிய பிறகு மனுப் போடுகிறவர்கள் அதிகம், மூன்று ஆண்டு அவகாசம் அவர்களுக்குப் பெரிய உதவி. உள்ளே இருந்துகொண்டே போடுவதென்றால் சங்கம் வழியாகவோ கூட்டமாகவோ போடுங்கள்.

பெரியம்மா வேலையை விட்ட பிறகுதான் கேட்டார். பாஸ்புக்கில் இருந்த தொகையும் கையில் வாங்கியதும் பொருந்தவில்லை, கட்டடத்துக்காரர்களையும் மனுவில் சேர்த்திருந்தோம். இரண்டாவது விசாரணைக்கு அந்த சூப்பர்வைசரே பைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வருட வித்தியாசத்தை இரண்டு தவணையில் கணக்கில் போட்டார்கள், இழப்பீடு எதுவும் இல்லை. போதும் என்று சொல்லிவிட்டார் பெரியம்மா. வெளியே வரும்போது கூட வேலை செய்த இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டு, "அந்தத் தாள் எங்க கிடைக்கும் அக்கா?" என்று கேட்டார்கள்.